சென்னைப் பல்கலைக்கழகத்தின் அருகே பழைய வீடுகளைப் பார்க்க எங்கே போகலாம்?

பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள செனட் ஹவுஸை எல்லோரும் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்து 1879ல் முடிந்த கட்டடம். நீங்கள் கேட்டது வீடுகளை என்பதால் நேராகத் திருவல்லிக்கேணிக்குப் போங்கள். கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரியைத் தாண்டி பாரதி சாலையில் (பழைய ஆட்களுக்கு இன்னமும் பைகிராப்ட்ஸ் ரோடு) திரும்பினால், பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் நடக்கிற தூரம்தான். சேப்பாக்கம் வளாகத்தில் படித்த இரண்டு வருஷமும் நான் குடியிருந்தது அங்கேதான்.

வெளியிலிருந்து பார்த்தால் வீடு சின்னதாகத் தெரியும். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் ஜன்னலுக்கு வழியில்லை. திண்ணை, ரேழி (வாசலிலிருந்து உள்ளே போகும் நடை) தாண்டினால் முற்றம். கூடத்துக்கு வெளிச்சமும் காற்றும் அது வழியாகத்தான். அதற்கும் பின்னால் அடுக்களை, கிணறு, கொல்லை என்று நீண்டுகொண்டே போகும்.

யாராவது உள்ளே கூப்பிட்டால் முதலில் அண்ணாந்து பாருங்கள். என் அறையின் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மெல்லிய சின்னச் செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புக் காரையால் இணைத்திருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கீழே படுத்துப் பார்த்தால் பாய் முடைந்த மாதிரி இருக்கும். மே மாத மதியத்திலும் அங்கே உட்கார்ந்து படிக்க முடிந்தது.

ஒழுகுகிறது என்று இந்தத் தளத்தின் மேல் சிமெண்ட் பூசிவிடுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. தங்கிய ஈரத்தில் கட்டை இற்றுப்போகும். எங்கள் வீட்டுக்காரப் பாட்டி சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை ஒழுகுகிற இடத்தில் அண்டாவை வைத்துச் சமாளித்தார். "கட்டை போச்சுன்னா வீடே போச்சுப்பா" என்பார்.

அப்புறம், ஹனுமந்தராயன் கோயில் தெருவையும் விட்டுவிடாதீர்கள். 1913ல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகையில் பல்கலைக்கழக ஆய்வு மாணவரான கணித மேதை ராமானுஜன், மறு வருஷம் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறுமுன் அங்கேதான் குடியிருந்தார்.

சாயங்காலம் வேண்டாம், கூட்டம். காலை ஆறரைக்குப் போனால் வாசல் தெளித்த ஈரம் காய்ந்திருக்காது. கம்பிக் கதவு போட்டு அடைக்காத திண்ணைகள் இன்னும் சில இருக்கின்றன. உட்காருமுன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.