லடாக் தாளின் ஓரத்தை வெட்டியது யார்?

கேள்வி: பழைய டிரங்குப் பெட்டியில் சர்வே ஆஃப் இந்தியாவின் 52 எஃப் எண் வரைபடத் தாள் கிடைத்தது. லே, சிந்து நதிப் பகுதி. அங்குலத்துக்கு 4 மைல். அதே அளவுகோலில் உள்ள வேலூர்த் தாளின்மேல் வைத்தால் ஆறேழு சென்டிமீட்டர் அகலம் குறைகிறது. யாராவது வெட்டிவிட்டார்களா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: யாரும் வெட்டவில்லை. இரண்டுமே ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி தாள்கள். வடக்கு தெற்காக ஒரு டிகிரி எங்கேயும் ஏறக்குறைய 111 கி.மீ.; ஆகவே உயரம் இரண்டிலும் 43.7 செ.மீ.யை ஒட்டி வரும். தீர்க்கக்கோடுகள்தாம் துருவத்தை நோக்கி நெருங்குகின்றன. 13-வது அட்சக்கோட்டில் அவற்றின் இடைவெளி 108.5 கி.மீ., தாளில் 42.8 செ.மீ. 34-வதில் 92.4 கி.மீ., அதாவது 36.5 செ.மீ.தான். லடாக் தாளின் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட 4 மி.மீ. குறுகலாக இருக்கும், அளந்து பாருங்கள்.

ஸ்கேலை வெள்ளை ஓரத்தில் வைக்காமல் உள்சட்டக் கோட்டில் வையுங்கள். உயரத்தில் 2, 3 மி.மீ. பிசகினால் ஈரத்தில் தாள் நீண்டோ சுருங்கியோ இருக்கிறது. அப்போது தூரத்தை அடியில் அச்சிட்ட அளவுகோல் பட்டையோடு ஒப்பிட்டு எடுப்பதே நல்லது. தாளோடு அதுவும் மாறியிருக்கும். துண்டு துண்டாக வெட்டித் துணியில் ஒட்டிய பிரதியென்றால் மடிப்பு இடைவெளிகளைக் கழித்துவிடுங்கள். பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

கேள்வி: சிந்து முழு நீலம். பாலாறு மட்டும் ஏன் கறுப்புக் கரையும் புள்ளிகளும்?

பதில்: தண்ணீர் இருக்கும் இடத்துக்கே நீலம். வறண்ட ஆற்றுக்குக் கரை கறுப்பு, மணலுக்குப் புள்ளி. பாலாற்றுப் பாலத்தைக் கடப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

கேள்வி: மடிப்பில் கிழிந்திருக்கிறது. செல்லோ டேப் ஒட்டலாமா, லேமினேட் செய்துவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். டேப்பின் பசை மஞ்சளித்துத் தாளுக்குள் இறங்கும். லேமினேஷனைப் பிறகு பிரிக்கவே முடியாது. முதலில் ஈரப் பஞ்சை ஒரு மூலையில் ஒற்றிப் பாருங்கள். நீலமோ பழுப்போ பஞ்சில் ஏறினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். ஏறாவிட்டால் 1 செ.மீ. அகல மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் பின்பக்கம் ஒட்டி, மையொற்றுத் தாள்களுக்கு நடுவே கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வையுங்கள். பைண்டிங் கடைப் பசை வேண்டாம். பூச்சிக்காக அதில் மயில்துத்தம் (தாமிர சல்பேட்) கலப்பதுண்டு. அந்தத் தாமிரமே நாளடைவில் தாளை நொறுக்கிவிடும்.