வட்டி இறங்குது, மனை ஏறுது: கையிலிருக்கும் 40 லட்சத்தை எங்கே வைப்பது?

கேள்வி: தேவகோட்டையில் இருக்கிறேன், வயது 61. பூர்வீக வீட்டை விற்று மூன்று மாதம் ஆகிறது. என் பங்காக 40 லட்சம் வந்தது. பேங்க்கில் புதுப்பிக்கும் டெபாசிட்டுக்கெல்லாம் வட்டி குறைந்துவிட்டது. காரைக்குடிப் பக்கம் மனை வாங்கிப் போடச் சொல்கிறார் பங்காளி ஒருவர். பேட்டரி வண்டிக் கம்பெனிப் பங்கு வாங்கச் சொல்கிறார் மாப்பிள்ளை. எல்லாம் மாறிக்கொண்டிருக்கும் நேரத்தில் நல்ல வாய்ப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் வரிக் கணக்கை முடியுங்கள், உங்களுக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. விற்ற நாளிலிருந்து 6 மாதத்துக்குள் ஆர்.இ.சி., பி.எஃப்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் மூலதன ஆதாயப் பத்திரத்தில் போடும் தொகை அளவுக்கு லாபத்தின் மேல் வரி கிடையாது. வரம்பு 50 லட்சம். 5 வருஷம் எடுக்க முடியாது. 40 லட்சத்தையும் போடத் தேவையில்லை, லாபத்தை மட்டும் போட்டால் போதும். பழைய வீடு என்பதால் 1.4.2001 அன்றைய மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம், ஆனால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். சொத்து 2024 ஜூலை 23-க்கு முன்பே உங்கள் வசம் வந்திருந்தால், 12.5% வரியா, பணவீக்கத்தைக் கழித்து 20% வரியா என்று இரண்டையும் போட்டுப் பார்த்துக் குறைந்ததைக் கட்டலாம்.

அடுத்தது டெபாசிட். 2025 பிப்ரவரிக்கு முன் ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி பேங்க்குகளுக்குக் கடன் தரும் வட்டி) 6.5% இருந்தது, அந்த ஜூனிலேயே 5.5% ஆகிவிட்டது. வட்டி இறங்கும் காலத்தில் வாய்ப்பு என்பது பெரும்பாலும் அலுப்பூட்டும் இடத்தில்தான் இருக்கும்: இன்றைய வட்டியை நீண்ட நாளுக்குப் பூட்டிவைப்பது. 60 வயது கடந்ததால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் உங்களுக்குத் திறந்திருக்கிறது. ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், காலம் 5 வருஷம். அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை மாற்றலாம், ஆனால் நீங்கள் சேர்ந்த நாளின் வட்டி முதிர்வு வரை மாறாது. வரும் வட்டிக்கு வருமான வரி உண்டு. பேங்க்கில் வைப்பதானால் ஒரே பேங்க்கில் குவிக்காதீர்கள். டெபாசிட் காப்பீடு ஆளுக்கு, பேங்க்குக்கு 5 லட்சம்தான், வட்டியும் அதற்குள் அடக்கம்.

பேட்டரி வண்டிக்கு வருவோம். மாற்றம் உண்மைதான். ஆனால் கடைசியில் காசு கொடுப்பது யார் என்று கேட்க வேண்டும். 2023 ஜூனில் பேட்டரி ஸ்கூட்டருக்கான மத்திய மானிய வரம்பு விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. அந்த மாதமே விற்பனை பாதிக்கும் கீழே சரிந்தது. வண்டியில் கோளாறு இல்லை. விலையில் ஒரு பகுதியை அரசு கட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். 2012-ல் கொங்குப் பக்கம் ஈமு பண்ணைகள் கவிழ்ந்ததும் இதே இடத்தில்தான்: பறவை வளர்க்க ஆள் கிடைத்தார்கள், கறி வாங்க ஆள் இல்லை.

மாப்பிள்ளை சொல்லும் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பங்குச்சந்தை இணையதளத்தில் எடுங்கள். ஐந்து வருஷ நிகர லாபத்தைக் கூட்டுங்கள். பணப்புழக்க அறிக்கையில் தொழிலிலிருந்து வந்த பணத்தையும் கூட்டுங்கள். லாபம் 100 என்று எழுதி, பணம் 40 தான் வந்திருந்தால் மீதி பாக்கியிலோ சரக்கிலோ முடங்கியிருக்கிறது. ஐந்தொகை (சொத்து, கடன் இருப்புக் கணக்கு) படித்துப் பழகிய வீட்டில் இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நிறுவனர்கள் தங்கள் பங்கில் எவ்வளவை அடகு வைத்திருக்கிறார்கள் என்பது காலாண்டுப் பங்குதாரர் பட்டியலில் இருக்கும். அது கூடிக்கொண்டே போனால் விலகிவிடுங்கள்.

இதெல்லாம் சிரமம் என்றால் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் (50 பெரிய கம்பெனிப் பங்குகளை மொத்தமாக வாங்கும் ஃபண்ட்) போதும். ஒரே நாளில் போட வேண்டாம். 5 லட்சத்தை லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட்) வைத்து, மாதம் 50,000 வீதம் 10 மாதத்தில் மாற்றுங்கள். 2020 மார்ச்சில் விழுந்த சந்தை அதே நவம்பருக்குள் பழைய உச்சத்தைத் தொட்டது. 2008 ஜனவரியில் விழுந்தது அந்த உயரத்துக்கு வர 2010 கடைசி ஆனது. எது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே 5 வருஷத்துக்குள் தேவைப்படும் பணம் அங்கே போகக்கூடாது.

என் கணக்கில் ஏறத்தாழ இப்படி: பத்திரத்தில் 12 லட்சம் (உங்கள் லாபத்தைப் பொறுத்து மாறும்), மூத்த குடிமக்கள் திட்டத்தில் 20, அவசரத்துக்கு 3, பங்கு ஃபண்டில் 5.

மனைக்கு இதில் இடம் விடவில்லை. 1930-களில் நெல் விலை சரிந்தபோது, கீழ் பர்மாவில் வட்டித்தொழில் செய்த செட்டிநாட்டு நகரத்தாரிடம் கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்து, அவர்கள் வசம் சுமார் 25 லட்சம் ஏக்கர் ஆனது. நல்ல நிலம்தான். 1942-ல் ஜப்பானியர் வந்தார்கள், 1948-க்குப் பிறகு நிலம் அரசுடைமை ஆனது. விற்றுவர வழியில்லாமல் போயிற்று. உங்கள் மனைக்கு அந்த ஆபத்து இல்லை, ஆனால் 61 வயதில் அவசரத்துக்கு விற்க முடியாத சொத்து என்பது அதேதான். போதாததற்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என்று வாங்கும் அன்றே 9% போய்விடும்.

அப்படியும் பங்காளி விடவில்லை என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் 30 வருஷ வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், விற்பவர் பெயரில் பட்டா மூன்றையும் பாருங்கள். லேஅவுட் என்றால் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண்ணும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் கேளுங்கள். பங்காளிகள் பொதுச்சொத்து என்றால் வெளிநாட்டில் இருப்பவர் உட்பட எல்லாப் பங்குதாரரின் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் விடுபட்டால் பிறகு வரும் பாகப்பிரிவினை வழக்கில் நீங்களும் பிரதிவாதி ஆவீர்கள்.