புலனாய்வு ஆவணக் கிடங்கு கட்டணச் சேவையாக மாறுவது சரியா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓசிசிஆர்பி என்னும் பன்னாட்டுப் புலனாய்வுச் செய்தி அமைப்பு, தான் வளர்த்த ‘அலெஃப்’ என்னும் ஆவணத் தரவுத்தளத்தை ‘அலெஃப் புரோ’ என்ற பெயரில், சந்தா வருவாயை நம்பும் இணையவழிச் சேவையாக மாற்றுவதாகப் படித்தேன். மென்பொருள் இலவசமாகக் கிடைத்து வந்த நிலையில், வேண்டியவர்கள் தங்கள் சர்வரில் தாங்களே நிறுவிக்கொள்ளலாமே? இதற்குப் பணம் எதற்கு?
– இதழியல் மாணவி, மதுரை

பதில்: அலெஃப் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால், செலவு எங்கே பிறக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ட்ரூ சல்லிவன், பால் ராடு ஆகிய செய்தியாளர்கள் பால்கன் நாடுகளில் பணியாற்றியபோது, 2006இல் தொடங்கிய அமைப்பு ஓசிசிஆர்பி. எல்லை தாண்டும் ஊழலைத் தேடுவது அதன் வேலை. ஓர் அமைச்சரின் உறவினர் பெயரில் சைப்ரஸில் ஒரு நிறுவனம் இருக்கும். அந்த நிறுவனத்தின் பெயரில் லண்டனில் ஒரு வீடு இருக்கும். இரண்டுக்கும் இடையே எங்கோ ஒரு தீவில் பதிவான அறக்கட்டளை ஒன்று இருக்கும். ஒவ்வொன்றின் பதிவும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு மொழியில், வெவ்வேறு வடிவில் கிடக்கும். இவற்றை ஒரே இடத்தில் சேர்த்துத் தேட வைப்பதற்காக எழுந்ததே அலெஃப்.

ஒரு செய்தியாளர் தமக்குக் கிடைத்த கோப்புத் தொகுப்பு ஒன்றை அதில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய வேர்டு கோப்புகள், ஸ்கேன் செய்த பக்கங்கள், மின்னஞ்சல்கள், அவற்றின் இணைப்புகளுக்குள் சுருக்கி வைக்கப்பட்ட வேறு கோப்புகள், கணக்கு அட்டவணைகள் என்று எல்லாம் கலந்திருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து, லிப்ரே ஆபிஸ் கொண்டு படிக்கத்தக்க வடிவுக்கு மாற்றி, படமாக இருக்கும் பக்கங்களை டெசராக்ட் என்ற எழுத்துணரி மூலம் எழுத்தாக்கி, அதிலிருந்து ஆட்களின் பெயர்களையும் நிறுவனப் பெயர்களையும் பிரித்தெடுத்து, எல்லாவற்றையும் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியின் அட்டவணையில் சேர்க்க வேண்டும். அதன்பின் ‘ஃபாலோ த மணி’ என்ற தரவு அமைப்பு வேலையைத் தொடங்குகிறது. ஆள், நிறுவனம், பங்குரிமை, இயக்குநர் பதவி ஆகியவற்றைத் தனித்தனிப் பொருள்களாகவும் ஒன்றோடொன்று தொடர்புடையவையாகவும் அது பதிந்து வைக்கிறது. ஒரு நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர் பட்டியலை இன்னொரு நாட்டின் நிறுவனப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பொருந்தக்கூடிய பெயர்களைக் காட்டச் சொல்லலாம். ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து செய்ய வேண்டிய ஒப்பீடு அது.

இந்த எந்திரத்தை ஒருமுறை நிறுவிவிட்டுப் போய்விட முடியாது. ஆவணங்கள் பெருகப் பெருக நினைவகமும் வேகமான வட்டும் கூடுதலாக வேண்டும். தேடுபொறியின் பெரிய பதிப்பு மாறும்போது முழுத் தொகுப்பையும் மறுபடி அட்டவணைப்படுத்த நேரலாம். ஒவ்வொரு துணை மென்பொருளுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும். ஓர் அரசு தன் நிறுவனப் பதிவேட்டின் இணையதளத்தை மாற்றி அமைத்தால், அதிலிருந்து தரவைச் சேகரிக்கும் நிரல் அன்றோடு நின்றுபோகும். பல செய்தி நிறுவனங்களில் இந்த வேலைக்கு ஆர்வமும் திறமையும் உள்ள ஒரே ஒருவர் இருப்பார். அவர் வேறு வேலைக்குப் போனபின் அந்தச் சர்வரை யாரும் தொடமாட்டார்கள். ரகசிய ஆவணங்களைச் சுமந்தபடி, திருத்தங்கள் போடப்படாமல் இணையத்தில் கிடக்கும் ஒரு சர்வர், அந்த நிறுவனத்துக்கு மட்டுமல்ல, அந்த ஆவணத்தைத் தந்தவருக்கும் ஆபத்து. ஆகவே ‘தாங்களே நிறுவிக்கொள்வது இலவசம்’ என்ற கணக்கில் முக்கியமான செலவுகள் விடுபட்டுப்போகின்றன.

நிதியுதவி தருவோரிடமும் ஒரு குறை உண்டு. கோயில் கட்டக் கொடுப்பவர் பலர், அன்றாடம் விளக்கெரிக்க எண்ணெய் கொடுப்பவர் சிலர் என்னும் நிலைதான் இங்கும். புதிய கருவியை உருவாக்க மானியம் கிடைக்கும். பத்தாம் ஆண்டில் அதைப் பராமரிக்கக் கிடைக்காது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை முடக்கியபோது, அந்தப் பணத்தைப் பெற்றுவந்த ஓசிசிஆர்பியும் வருவாயில் கணிசமான பகுதியை இழந்து, பணியாளர்களைக் குறைக்க நேர்ந்தது. அலெஃப் சேவையின் மாற்றத்தை அந்த ஒரு நிகழ்வின் விளைவாக மட்டும் கொள்வது சரியாகாது; பராமரிப்புச் சுமை அதற்கு முன்பே வளர்ந்திருந்தது. ஆனால் ஒரே தலைநகரில் எடுக்கப்படும் ஒரே முடிவால் இத்தகைய கிடங்கின் மூச்சு நின்றுவிடக்கூடும் என்பதை அந்த முடக்கம் எல்லோருக்கும் காட்டியது. பணம் தரக்கூடியவர்களிடம் சந்தா பெற்று, அதைக்கொண்டு தர இயலாத செய்தியாளர்களையும் தாங்குவது என்ற வழியை நான் நியாயமானதாகவே பார்க்கிறேன்.

கேள்வி: நான் மென்பொருள் பொறியாளர். அலெஃப் திறந்த மூல மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் படித்துத் திருத்தலாம் என்பதை நம்பித்தான் பலர் அதன் பிழைகளைச் சுட்டிக்காட்டி, திருத்தங்கள் எழுதித் தந்தார்கள். இப்போது புதிய பதிப்பின் நிரலை மூடிவிடுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம் அல்லவா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: துரோகம் என்று சொல்லமாட்டேன், ஆனால் தங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. பழைய அலெஃப், யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் இடம்தரும் எம்ஐடி உரிமத்தில் வெளியானது. அந்த உரிமத்தின்படி, ஏற்கெனவே வெளியிட்ட நிரலை யாராலும் திரும்பப் பெற முடியாது. ஓசிசிஆர்பி அதன் பராமரிப்பிலிருந்து விலகும் நிலையில், டேட்டா அண்ட் ரிசர்ச் சென்டர் என்ற அமைப்பு 2025இல் ‘ஓப்பன் அலெஃப்’ என்ற கிளைப் பதிப்பைத் தொடங்கி, அந்த நிரலைத் தொடர்ந்து வளர்த்து வருகிறது. நன்கொடையாகத் தரப்பட்ட உழைப்பு வீணாகவில்லை.

கட்டணம் வாங்குவதற்கு நிரலை மூடித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லை என்பதற்கு ஓப்பன் சாங்ஷன்ஸ் நல்ல சான்று. அலெஃப் சேவையை முதலில் உருவாக்கிய ஃப்ரீட்ரிஷ் லிண்டன்பெர்க் பின்னர் தொடங்கிய அந்தத் தளம், அரசுகளால் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டவர்கள், அரசியல் பதவியில் உள்ளவர்கள் ஆகியோரின் பட்டியல்களைத் தொகுத்துத் தருகிறது. அதன் நிரல் திறந்தே இருக்கிறது. தரவைச் செய்தியாளர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். வணிக நிறுவனங்கள் உரிமம் வாங்க வேண்டும். தம் வாடிக்கையாளர் தடைப்பட்டியலில் இருக்கிறாரா என்று சரிபார்க்கச் சட்டப்படி கடமைப்பட்ட நிறுவனங்களுக்கு அது தேவைப்படுகிறது, ஆகவே வாங்குகிறார்கள்.

ஆனால் இரண்டையும் அப்படியே ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஓப்பன் சாங்ஷன்ஸ் விற்பது பொதுவெளியில் உள்ள தரவின் தொகுப்பு. அலெஃப் வைத்திருப்பதில் ஒரு பகுதி கசிந்த ஆவணங்கள்; யாரோ ஒருவர் தம் வேலையையும் சில வேளை உயிரையும் பணயம் வைத்து, செய்திக்காக மட்டும் ஒப்படைத்தவை. அவற்றை வங்கிக்கோ ஆலோசனை நிறுவனத்துக்கோ விற்றால், அடுத்த முறை ஓர் ஆவணமும் செய்தியாளர் கைக்கு வராது. எனவே அலெஃப் விற்கக்கூடியது கருவியையும் அதன் பராமரிப்பையும் மட்டுமே. விற்பனைக்கு இருப்பது கருவி ஒன்றுதான் என்னும்போது, அதை இன்னொருவர் அப்படியே எடுத்துக் குறைந்த விலைக்கு விற்றுவிடுவார் என்ற அச்சம் எழுவது இயல்பு. அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. என்றாலும், ஒரு புலனாய்வு அமைப்பு தன் ஆவணங்களைக் கையாளும் நிரலை வெளியார் படித்துச் சோதிக்க முடியும் என்பதே ஒரு பாதுகாப்பு. அது போனது இழப்புதான்.

கேள்வி: தகவல் தந்தவரின் அடையாளம் அடங்கிய கோப்புகளை வேறொருவரின் சர்வரில் வைப்பது எப்படிப் பாதுகாப்பாகும்?
– செய்தியாளர், யாழ்ப்பாணம்

பதில்: எல்லா ஆவணத்துக்கும் ஒரே விடை கிடையாது. அரசு வெளியிட்ட நிறுவனப் பதிவேடு, ஒப்பந்த அறிவிப்பு, நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றை நல்ல சேவை ஒன்றில் வைப்பதால் யாருக்கும் தீங்கில்லை. வெளிநாட்டு நிறுவனங்களை அமைத்துத் தந்த ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்த பனாமா ஆவணங்கள் 2016இல் வெளிவந்தபோது, 2.6 டெராபைட் அளவில் 1 கோடியே 15 லட்சம் கோப்புகள் இருந்தன. ஐசிஐஜே என்ற பன்னாட்டுப் புலனாய்வுச் செய்தியாளர் கூட்டமைப்பு 370க்கும் மேற்பட்ட செய்தியாளர்களுக்கு அவற்றை இணையவழியாகவே, கடவுச்சொல்லோடு இரண்டாம் அடையாளச் சரிபார்ப்பும் வைத்துத் திறந்து கொடுத்தது. இணையம் வழியே பகிர்வது தன்னளவில் தவறல்ல என்பதற்கு அது சான்று.

ஆனால் இணையத்தில் வைக்கவே கூடாத ஆவணங்களும் உண்டு. சுலோவாக்கியாவில் 2018 பிப்ரவரியில் இளம் செய்தியாளர் யான் குச்சியாக்கும், அவரை மணக்கவிருந்த மார்ட்டினா குஷ்னீரோவாவும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த வழக்கின் காவல்துறைக் கோப்புகள் செய்தியாளர்களுக்குக் கிடைத்தபோது, அவற்றை யாரும் எங்கிருந்தும் தேடும்படி விட்டுவிடவில்லை. பாதுகாக்கப்பட்ட ஓர் அறையில் வைத்து, ஒன்றோடொன்று போட்டியிடும் ஊடகங்களின் செய்தியாளர்களும் அங்கு வந்து உட்கார்ந்து படிக்கும்படி செய்தார்கள். வழக்கில் தொடர்பில்லாத பலரின் சொந்த வாழ்க்கையும் அந்தக் கோப்புகளில் கலந்திருந்தது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

சட்டத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2018இல் இயற்றப்பட்ட கிளவுட் சட்டம், தரவு எந்த நாட்டில் வைக்கப்பட்டிருந்தாலும், அமெரிக்க நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தால் அதை ஒப்படைக்குமாறு ஆணையிட வழி செய்கிறது. சர்வர் இருக்கும் நாட்டை மட்டும் கேட்டறிந்தால் போதாது. அதை நடத்தும் நிறுவனம் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். ஆவணத்தில் தேடும் வசதி வேண்டுமானால் சர்வர் அதைப் படித்தாக வேண்டும். எனவே ‘எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டுள்ளது’ என்ற வாக்குறுதிக்கும் ஓர் எல்லை உண்டு. தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய கோப்பு தங்கள் கையில் இருந்தால், ஐசிஐஜே இலவசமாகத் தரும் ‘டேட்டாஷேர்’ மென்பொருளை, இணையத்தோடு இணைக்காத ஒரு கணினியில் நிறுவி, அங்கேயே தேடுங்கள்.

கேள்வி: இப்படிச் சந்தா பெறும் சேவையாக மாறி நிலைத்த முன்னுதாரணம் உண்டா?
– வாசகர், சென்னை

பதில்: உண்டு. செய்தியாளர்கள் ஆவணங்களை ஏற்றி, தேடி, வெளியிட உதவும் டாக்குமென்ட் கிளவுட், 2009இல் நைட் அறக்கட்டளை அளித்த 7,19,500 டாலர் மானியத்தில், புரோபப்ளிக்கா, நியூயார்க் டைம்ஸ் ஆகிய செய்தி நிறுவனங்களைச் சேர்ந்தவர்களால் தொடங்கப்பட்டது. பின்னர் ஐஆர்இ என்ற செய்தியாளர் சங்கத்தின் பொறுப்பில் இருந்து, 2018இல் மக்ராக் என்ற இலாப நோக்கற்ற அமைப்போடு இணைந்தது. கூடுதல் வசதிகளுக்கு மட்டும் சந்தா பெறும் முறையில் இன்றும் இயங்குகிறது. இதற்கு மாறான கதையும் உண்டு. தரவை அட்டவணையாகவும் வரைபடமாகவும் காட்டத் தரவு இதழியலாளர்கள் பெரிதும் நம்பிய கூகுள் ஃபியூஷன் டேபிள்ஸ் சேவையை, அந்தப் பெருநிறுவனம் 2019 டிசம்பரில் மூடிவிட்டது. பணபலம் மட்டும் ஒரு சேவையைக் காப்பாற்றாது. அது யாருடைய முதன்மைக் கடமை என்பதே முக்கியம்.

கேள்வி: நாங்கள் ஐந்தாறு பேர் நடத்தும் சிறிய செய்தித்தளம். ஆவணங்களை ஒரு சேவைக்கு மாற்ற நினைக்கிறோம். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?
– ஆசிரியர், திருச்சி

பதில்: உள்ளே போகும் வழியைவிட வெளியே வரும் வழியை முதலில் பாருங்கள். மூலக் கோப்புகளைத் திரும்ப எடுக்கப் பொதுவாகச் சேவைகள் அனுமதிக்கும். ஆனால் தங்கள் செய்தியாளர்கள் மாதக்கணக்கில் செய்த வேலை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள் என்று உறுதிசெய்த முடிவுகள், வரைந்த தொடர்பு வரைபடங்கள், பக்க ஓரக் குறிப்புகள் ஆகியவையே உங்கள் உண்மையான சொத்து. அவற்றைப் பிற மென்பொருள் படிக்கும் வடிவில் எடுக்க முடியுமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். சந்தா நின்றால் எத்தனை நாள் தரவு வைத்திருக்கப்படும், அழித்தால் பேக்கப்பிலிருந்தும் அழியுமா, நீதிமன்ற ஆணை வந்தால் உங்களுக்குத் தெரிவிப்பார்களா என்பவற்றையும் கேளுங்கள்.

தமிழ் ஆவணங்களுக்கென்று ஒரு சோதனை தேவை. டெசராக்ட் தமிழைப் படிக்கும். ஆயினும் மங்கிய பத்திர நகலில் அது தடுமாறும். தமிழ்ப் பெயர்களில் முன்னெழுத்து சில இடத்தில் முன்னும் சில இடத்தில் பின்னும் வரும். ஒரே பெயர் ஆங்கிலப் பதிவேட்டில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். உங்களிடம் ஏற்கெனவே விடை தெரிந்த ஒரு பழைய தொகுப்பை ஏற்றி, அந்தச் சேவை அதே விடையைக் கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தத் தொகுப்பை முழுவதுமாக வெளியே எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்தபின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.