மாட்லி 1986-இல் ஓய்வு பெற்றாரா, 2005 வரை நீதிபதியா?

ஓர் இடத்தில் 1986-இல் ஓய்வு என்றும் இன்னோர் இடத்தில் 2005 வரை நீதிபதி என்றும் பார்த்துக் குழம்பினீர்களா? இரண்டு ஆண்டுகளுமே சரிதான். அமெரிக்க நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி 1986-இல் பதவியை விட்டுப் போகவில்லை, 'சீனியர்' நிலைக்கு, அதாவது வேலையைக் குறைத்துக்கொண்டு நீதிபதியாகவே தொடரும் நிலைக்கு மாறினார். 2005-இல் இறக்கும்வரை நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிமன்ற நீதிபதிதான்.

அந்த மாற்றத்தை யாரோ 'ஓய்வு' என்று எழுதியிருப்பார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி மாவட்ட நீதிபதிக்கு ஓய்வு வயதே கிடையாது. 65 வயதும் 15 ஆண்டுப் பணியும் நிறைந்தால் சீனியர் ஆகலாம். வயது ஏற ஏறத் தேவையான பணிக்காலம் குறையும், 70 வயதுக்கு 10 ஆண்டு போதும். வழக்குகளைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த இடம் காலியாகி, செனட் ஒப்புதலோடு புதியவர் வருவார். அவர் பெயரைப் பார்த்ததும் முன்னவர் போய்விட்டார் என்று நினைத்துவிடுகிறார்கள்.

மாட்லி பிறந்தது 1921, நியமனம் 1966. 1986-இல் 65 வயது, 20 ஆண்டுப் பணி; கணக்கு சரியாக வரும். பிறகு கூட்டாட்சி நீதித்துறை மையத்தின் வாழ்க்கைக் குறிப்பைத் திறந்து, பணி முடிந்த தேதியைத் தனியாகப் பாருங்கள். முதல் கறுப்பினப் பெண் கூட்டாட்சி நீதிபதியின் 39 ஆண்டுப் பணியைத் தயவுசெய்து 20 என்று எழுதிவிடாதீர்கள்.