குதிரை இருக்கிற கமெண்ட்

அன்புள்ள அக்கா,

நான் கோவையில் ஐடி வேலையில் இருக்கிறேன். வயது 34. ஒன்றரை வருடமாகச் சனி, ஞாயிறுகளில் குதிரையேற்றம் கற்று வருகிறேன். சின்ன வயதிலிருந்து இருந்த ஆசை, சம்பாதிக்க ஆரம்பித்துத்தான் முடிந்தது. நான் கற்றுக்கொள்வதை அவ்வப்போது வீடியோ எடுத்துப் போடுவேன். முதலில் நண்பர்கள் மட்டும் பார்த்தார்கள். போன மாதம் ஒரு வீடியோ எப்படியோ பரவி, பின்னூட்டங்கள் வந்து குவிந்துவிட்டன.

"குதிரை மேல யானை", "பாவம் அந்த வாயில்லா ஜீவன்", "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை", "நெத்திச் சுழி சரியில்ல, வாங்கினவன் உருப்பட மாட்டான்" (குதிரை என்னுடையது கூட இல்லை, பயிற்சிப் பள்ளியுடையது). ஒருவர், "கடிவாளத்தைப் புடிச்சு இப்படித் தொங்குற, குதிரை வாயென்ன பஸ் கம்பியா?" என்று கேட்டிருந்தார். அதற்கு மட்டும் முந்நூறு லைக். இன்பாக்ஸில் வந்தவற்றை இங்கே எழுத முடியாது.

நான் 68 கிலோ. கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்த யானை ஞாபகம் வருகிறது. இரண்டு வாரமாகப் பயிற்சிக்குப் போகவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிடவா, பதில் கொடுக்கவா, வீடியோ போடுவதையே விட்டுவிடவா? நீங்களும் சவாரி செய்தவர் என்பதால் கேட்கிறேன். அந்த வீடியோவை இணைத்திருக்கிறேன்.

எஸ்.,
கோவை

*

அன்புள்ள எஸ்.,

வீடியோவை நான்கு முறை பார்த்தேன். நாற்பது விநாடிதான் என்றாலும் அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்கு முன்னால் என் கதை ஒன்று.

நான் 42 வயதில்தான் குதிரை ஏறினேன். சென்னைக்கு வெளியே ஒரு பயிற்சிப் பள்ளி. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு செங்குதிரையைத்தான் எனக்குக் கொடுப்பார்கள். 2019 நவம்பர், மழை விட்டிருந்த ஒரு காலையில் ட்ராட் என்கிற மிதமான துள்ளோட்டம் முதல்முறையாக எனக்குப் பிடிபட்டது. உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து, தாளம் தப்பாமல் ஒரு சுற்று முழுக்க வந்துவிட்டேன். சந்தோஷம் தாங்காமல் அந்த ஒரு நிமிட வீடியோவுக்குப் பின்னணியில் ஒரு பாட்டைச் சேர்த்துப் போட்டேன். அரைமணி நேரத்தில் ஒருவர் எழுதினார்: "குருட்டுக் கழுதை, குதிரை நொண்டுறது கூடத் தெரியாம என்னத்த ஓட்டுற?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "உங்கள் வீட்டுப் பெண்களிடமும் இப்படித்தான் பேசுவீர்களா?" என்று கேட்டுவிட்டு அவரை பிளாக் செய்தேன். என் பதிலுக்கு நிறைய கைத்தட்டல். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் பள்ளிக்குப் போனால் குதிரை லாயத்தில் இடது முன்காலைத் தரையில் ஊன்றாமல், நுனிக் குளம்பை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கால்நடை மருத்துவர் வந்தார். பெரிய குறடு போன்ற ஒன்றால் குளம்பைச் சுற்றி அங்கங்கே அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் குதிரை காலை வெடுக்கென்று இழுத்தது. அந்த இடத்தில் வளைந்த கத்தியால் அடிக்குளம்பைச் சீவச் சீவ, கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சீவியதும் சாம்பல் நிறத்தில் சீழ் வழிந்தது. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஈரத்திலேயே நின்று அடிக்குளம்பு ஊறியிருக்கும், ஏதோ ஒரு சிறு கல் வழிபண்ணியிருக்கும் என்றார் மருத்துவர். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை வைத்து, மருந்து வைத்துக் கட்டி, பத்து நாள் ஓய்வு என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவின் மூலப் பதிவைத் தேடிப் போட்டேன், பாட்டு இல்லாமல். சீராக "டக் டக் டக் டக்" என்று விழவேண்டிய குளம்புச் சத்தத்தில் ஒன்று மட்டும் சன்னமாக விழுகிறது. இடது முன்கால் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்குகிறது குதிரை. முன்காலில் வலி இருக்கும் குதிரை வலிக்கிற காலை ஊன்றும்போது தலையைத் தூக்கும், நல்ல காலை ஊன்றும்போது தாழ்த்தும். இது லாயத்தில் வேலை செய்கிற பையன்களுக்குக்கூடத் தெரிந்த பாடம். நான் என் உட்கார்ந்து எழுவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என்னைக் கழுதை என்றது தப்புதான், அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்த வீடியோவைப் பார்த்த அத்தனை பேரில் குதிரையைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். மன்னிப்புக் கேட்கலாம் என்று பிளாக்கை எடுத்துவிட்டுத் தேடினேன். அந்தக் கணக்கே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. வருகிற கமெண்டில் குதிரை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். மரியாதையாக எழுதியிருக்கிறாரா, எழுதியவருக்குச் சவாரி தெரியுமா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். காது, வாய், கால், முதுகு, வால் என்று குதிரையின் ஏதாவது ஒன்றை அவர் கண்ணால் பார்த்துச் சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் திட்டைத் துடைத்துவிட்டு விஷயத்தை எடுத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் அது எனக்கு வந்த கடிதமே இல்லை, விலாசம் மாறி வந்தது.

உங்களுக்கு வந்தவற்றை இதை வைத்துப் பார்ப்போம்.

"பாவம் அந்த வாயில்லா ஜீவன்" என்பதில் குதிரை இருப்பதுபோல் தோன்றும். ஆனால் எந்தக் குதிரைக்கும், எந்த மாட்டுக்கும் இதை எழுதலாம், வீடியோவைத் திறந்தே பார்க்க வேண்டியதில்லை. சுழிக்காரர் குதிரையைப் பார்த்திருக்கிறார், அதுவும் நெற்றியை உற்றுப் பார்த்திருக்கிறார். ஆனால் அவர் கவலை வாங்கியவனின் அதிர்ஷ்டத்தைப் பற்றியது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான், ஒருமுறை போய்வாருங்கள். அங்கே பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்வார்கள், சுழியைச் சொல்லி விலையைக் குறைப்பார்கள், நடக்கவிட்டுக் குறை சொல்வார்கள். எல்லாம் உரிமையாளரின் முகத்துக்கு நேராக. யாரும் யாரையும் யானை என்று சொல்லி நான் கேட்டதில்லை. எதிரில் நிற்பவர் கையில் சாட்டை இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

யானை விஷயத்துக்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு அவர்களுக்காக இல்லை, கண்ணாடி முன்னால் நிற்கிற உங்களுக்காக. திடமான குதிரை தன் எடையில் சுமார் 20 சதவீதம் வரை சுமக்கலாம் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. வீடியோவில் இருக்கும் குதிரை 400 கிலோவுக்குக் குறையாது என்று என் கண் சொல்கிறது, பள்ளியில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 400-இல் 20 சதவீதம் 80. நீங்கள் 68, சேணம் 8 என்று வைத்தால் 76. சரியாகத்தான் இருக்கிறது. வெயில் நேரத்திலும், குதிரை வயதானதாகவோ முதுகு பலவீனமானதாகவோ இருந்தாலும் இந்த அளவு குறையும். அதைப் பற்றி யாராவது கேட்டிருந்தால் நல்ல கேள்வி என்று பதில் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

"பொம்பளைக்கு எதுக்கு" என்றவருக்குப் பதில் எழுதாதீர்கள். உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் தனித்தனியாகப் பிரியாமல் ஒரே போட்டியில் ஒருவரோடொருவர் மோதுவது குதிரையேற்றத்தில்தான். 1952 ஹெல்சின்கியில், குதிரையை வகுத்த அசைவுகளில் நடத்திக்காட்டும் டிரெஸாஜ் போட்டியில் பெண்கள் முதல்முறையாக அனுமதிக்கப்பட்டார்கள். அந்த ஆண்டே டென்மார்க்கின் லிஸ் ஹார்டல் ஆண்களோடு மோதி வெள்ளி வாங்கினார். போலியோவால் அவருக்கு முழங்காலுக்குக் கீழே இயக்கம் இல்லை. குதிரையில் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா டிரெஸாஜ் அணிப் பிரிவில் தங்கம் வாங்கியதே, அந்த நால்வரில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் இருவரும் பெண்கள்.

டிரெஸாஜ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்தப் போட்டியில் ஒவ்வொரு அசைவுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண். நடுவர் பார்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுதுவார். நாலு போட்டால் ஏன் நாலு என்று பக்கத்திலேயே இரண்டு வார்த்தை இருக்கும்: வளைவு போதவில்லை, அவசரம், வாய் திறக்கிறது, இப்படி. போட்டி முடிந்ததும் அந்தத் தாள் உங்கள் கைக்கு வரும். அதில் உட்காரும் விதத்துக்கு மதிப்பெண் உண்டு, உருவத்துக்குக் கிடையாது. அந்த மாதிரித் தாள்களை வாங்கிப் பழகியவர்களுக்கு இணையத்துத் திட்டு அவ்வளவாக வலிப்பதில்லை என்று நினைக்கிறேன். வலி இல்லாமல் இல்லை, எதை எடுத்துக்கொள்வது என்று தெரிந்துவிடுகிறது.

இன்பாக்ஸில் வந்தவை வேறு வகை. படித்துப் பார்த்து ஆராய வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக் செய்யுங்கள். மிரட்டலாகவோ ஆபாசமாகவோ தொடர்ந்தால் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுங்கள். பின்னூட்டங்களை ஒரு மாதத்துக்கு உங்கள் வீட்டில் யாராவது முதலில் படிக்கட்டும், குதிரை இருப்பதை மட்டும் உங்களிடம் காட்டட்டும்.

மிச்சம் இருப்பது பஸ் கம்பிக்காரர். எஸ்., கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் சொன்னது சரி.

18-ஆவது விநாடியில் நிறுத்திப் பாருங்கள். ட்ராட்டிலிருந்து அதைவிட வேகமான கேன்டர் ஓட்டத்துக்குப் போகிறீர்கள். குதிரை ஒரு துள்ளு துள்ளுகிறது, நீங்கள் பின்னால் சாய்கிறீர்கள், இரண்டு கையும் மார்பு வரை ஏறுகின்றன. அதே நொடியில் குதிரை வாயைத் திறக்கிறது, காது பின்னால் மடிகிறது, வாலை ஒருமுறை சுழற்றுகிறது. நிற்கிற பஸ்ஸை டிரைவர் எடுக்கும்போது நாம் கம்பியைப் பிடிப்போமே, அச்சு அசலாக அதேதான். குதிரையின் கீழ்த்தாடையில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் கிடக்கிறது. எலும்புக்கு மேல் மெல்லிய தோல், பக்கத்தில் நாக்கு. 68 கிலோ முதுகில் இருப்பது அதற்குப் பொருட்டில்லை, அதில் இரண்டு கிலோ அங்கே தொங்குவதுதான் வலி.

இது ஆரம்பக்காரர்கள் எல்லோருக்கும் வருவது. உடம்புக்குச் சமநிலை கிடைக்காதபோது கை எதையாவது பிடிக்கும். கையைத் திட்டிப் பயனில்லை, இடுப்பு கற்றுக்கொண்டால் கை தானே இறங்கும். பயிற்சியாளரிடம் லஞ்ஜ் (lunge) கயிற்றில் வகுப்பு கேளுங்கள். அவர் நடுவில் நின்று நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்டுவார். நீங்கள் கடிவாள வாரும் பிடிக்காமல், அங்கவடியிலும் கால் வைக்காமல், கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். முதல் நாள் தொடை இரண்டும் கழன்று விழுவதுபோல் இருக்கும், இரண்டாம் நாள் இன்னும் மோசம். வியன்னாவின் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலில் புதிதாகச் சேருபவர்களை மாதக்கணக்கில் இப்படித்தான் சுற்றவிடுகிறார்கள். அதுவரை கேன்டருக்குப் போகும்போது பிடித்துக்கொள்ள, குதிரையின் கழுத்தில் ஒரு பழைய தோல்வாரைக் கட்டச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு பயமும் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த மாடர்ன் பென்டத்லானில் ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய் முதலிடத்தில் இருந்தார். அந்தப் போட்டியில் அப்போது குதிரை குலுக்கலில் வந்தது, பழக இருபது நிமிடம்தான் கிடைத்தது. அவருக்கு வந்த செயின்ட் பாய் என்ற குதிரை தடைகளைத் தாண்ட மறுத்தது. அவர் அழுதுகொண்டே சாட்டையால் அடித்தார். பயிற்சியாளர் வெளியிலிருந்து குதிரையைக் கையால் குத்தினார், அதற்காக வெளியேற்றவும் பட்டார். ஷ்லோய் 31-ஆம் இடத்துக்கு விழுந்தார். அப்போது உலகம் முழுக்க அவர்மேல் கொட்டிய வெறுப்பில் குதிரைக்காகப் பேசியவர்களும் இருந்தார்கள், ஒரு பெண் அழுவதைப் பார்த்து ருசித்தவர்களும் இருந்தார்கள். இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்திருந்தன. குதிரைக்காகப் பேசியவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. பாரிஸ் 2024-க்குப் பிறகு அந்தப் போட்டியிலிருந்து சவாரியையே எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த வெறுப்பை முழுசாகப் படித்து நியாயத்தைப் பிரித்தெடுக்கும் வேலையை அந்தப் பெண்ணிடம் கொடுக்க எனக்கு மனசு வராது. உங்களிடமும் வந்த அத்தனையையும் படிக்கச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

வீடியோக்களை அழிக்க வேண்டாம். போடுவதை நிறுத்தவும் வேண்டாம், அடுத்ததைப் பாட்டு சேர்க்காமல் போடுங்கள், குளம்புச் சத்தம் கேட்கட்டும். கடைசி மூன்று விநாடியில் நீங்கள் இறங்கியதும், கேமராவைப் பார்ப்பதற்கு முன்னால், சேணத்தை இறுக்கியிருக்கும் வயிற்று வாரை இரண்டு துளை தளர்த்திவிட்டீர்கள். அதை யாரும் எழுதவில்லை, நான் பார்த்தேன்.

இந்தச் சனிக்கிழமை பயிற்சிக்குப் போங்கள். பஸ் கம்பிக்காரருக்கு மட்டும் ஒரு வரி போடுங்கள்: "சரிங்க, கையைப் பார்த்துக்கறேனுங்க." அந்த இரண்டு 'ங்க'வையும் விட்டுவிடாதீர்கள். அவர் என்ன ஊரோ தெரியாது, நீங்கள் கோயமுத்தூர்.

அன்புடன்,
அக்கா