நின்றால் ஆயில் இறங்கும் டூ-ஸ்ட்ரோக்: பம்பைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற, 1970-களைச் சேர்ந்த இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை மீண்டும் ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். ஒரு வாரம் நிறுத்தினால் ஆயில் டாங்கின் மட்டம் குறைகிறது. ஸ்டார்ட் செய்ததும் இடப்பக்கச் சைலன்சரில் மட்டும் வெகு நேரம் வெண்புகை வருகிறது. ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஓட்டும்படி மெக்கானிக் சொல்கிறார். அது சரியா?

பதில்: கழற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பம்பைவிட, இடப்பக்க ஆயில் குழாயில், ஆயிலை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வையே காட்டுகின்றன. டாங்க் எஞ்சினைவிட உயரத்தில் இருப்பதால் ஆயில் எப்போதும் கீழிறங்கவே பார்க்கும். எஞ்சின் ஓடாதபோது அதைத் தடுப்பது சிறு குண்டும் ஸ்பிரிங்கும் கொண்ட அந்த வால்வுதான். பழைய ஆயில் பிசுபிசுத்துக் குண்டின் அடியில் படிந்துவிட்டால் வால்வு முழுமையாக மூடாது. சொட்டுச் சொட்டாக இறங்கும் ஆயில், பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் கேஸில் தேங்கி, ஸ்டார்ட் செய்யும்போது புகையாக வெளியேறும். ஆனால், டாங்கில் குறையும் ஆயில் கியர்பாக்ஸில் கூடினால் பம்புத் தண்டின் சீல் கசிகிறது என்று பொருள். எஞ்சின் சூடான பிறகும் புகை நிற்காமல் கியர் ஆயில் குறைந்துகொண்டே வந்தால் கிராங்க் கேஸையும் கியர்பாக்ஸையும் பிரிக்கும் கிராங்க் சீல் கெட்டிருக்கிறது. ஆகவே எதையும் கழற்றுமுன் கியர் ஆயில் மட்டத்தைப் பாருங்கள்.

பம்பைக் காப்பாற்ற நான் வற்புறுத்துவது பழமையின் மீதுள்ள பற்றினால் அல்ல. யமஹா 1964-இல் ஒய்ஏ-6 மாடலில் ஆட்டோலூப் என்ற பெயரில் கொண்டுவந்த, தனி டாங்கிலிருந்து பம்ப் மூலம் ஆயிலை ஊட்டும் இந்த முறையில், எஞ்சினின் வேகம், ஆக்சிலரேட்டரின் திறப்பு ஆகிய இரண்டுக்கும் ஏற்ப ஆயில் அளந்து தரப்படுகிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடிக்கொண்டு கியரில் இறங்கும்போது, பெட்ரோலில் கலந்த ஆயில் பெட்ரோலோடு சேர்ந்தே ஏறத்தாழ நின்றுவிடும். பம்போ, எஞ்சின் சுற்றும்வரை குறைந்த அளவிலாவது ஊட்டிக்கொண்டே இருக்கும்.

வேலையைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. கிராங்க் கேஸில் நிறைய ஆயில் தேங்கியிருக்கும் நிலையில் ஓங்கி உதைத்தால், அழுத்த முடியாத திரவம் பிஸ்டனைத் தடுத்துக் கனெக்டிங் ராடையே வளைத்துவிடக்கூடும். இரு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திச் சுற்றுங்கள்.

பிறகு டாங்கிலிருக்கும் பழைய ஆயிலை முழுவதும் வடித்து, அடியில் படிந்த கசடையும் வலை வடிகட்டியையும் கழுவுங்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் ஆயில் இறங்காமல் பம்ப் வெறுமனே சுற்றும். பலர் கவனிக்காத இடம் இது. மஞ்சளாகி இறுகிய குழாய்களைத் துடைத்துப் பயன்படுத்துவதில் பயனில்லை, ஆயில் தாங்கும் புதிய ஒளிபுகும் குழாய்களாக மாற்றிவிடுங்கள். செக் வால்வை கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, ஆயில் ஓடும் திசையில் மட்டும் மெல்லிய காற்றைச் செலுத்துங்கள். கம்ப்ரசரின் முழு அழுத்தம் ஸ்பிரிங்கைக் கெடுத்துவிடும். எதிர்த்திசையில் வாயால் ஊதிப் பார்க்கும்போது காற்று சிறிதும் புகக்கூடாது. ஆயில் குழாயை இணைக்கும் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டின் வாஷர்களையும் புதிதாகவே போடுங்கள்.

உண்மையில் எஞ்சின்களைப் பலி வாங்குவது தேய்ந்த பம்பைவிடக் குழாயில் தங்கிய காற்றுதான். டாங்கில் ஆயிலை நிரப்பியபின் பம்பின் காற்றுத் திருகைத் திறந்து, குமிழில்லாத ஆயில் தொடர்ந்து வழியும்வரை விட்டு மூடுங்கள். பம்பிலிருந்து சிலிண்டருக்குச் செல்லும் குழாய்களை அதே ஆயிலால் சிரிஞ்சு கொண்டு நிரப்பிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். அதன்பின் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, பம்பின் கேபிளை மட்டும் கையால் முழுமையாக இழுத்துப் பிடியுங்கள்; எஞ்சியிருக்கும் குமிழ்கள் குழாயில் நகர்ந்து வெளியேறுவதைக் கண்ணாலேயே காணலாம். பெட்ரோல் டாங்கில் இதற்கு முன்பே 30:1 விகிதத்தில், அதாவது லிட்டருக்குச் சுமார் 33 மி.லி. ஆயில் கலந்திருப்பது கட்டாயம். ஆயிலைப் பொறுத்தவரை, பம்புக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட ஜாசோ (ஜப்பானிய ஆயில் தர அமைப்பு) எஃப்சி அல்லது எஃப்டி தரமே போதுமானது. பந்தயங்களுக்கான தடித்த ஆமணக்கு ஆயில் இக்குழாய்களுக்கு ஆகாது.

கேபிளைச் சரிசெய்வது கடைசியில்தான். கார்புரேட்டர்களை ஒத்திசைத்து, ஐடிலையும் ஆக்சிலரேட்டர் தளர்வையும் முடித்த பிறகே பம்புச் சக்கரத்தின் குறியைப் பொருத்த வேண்டும். அது மூடிய நிலையில் பொருந்த வேண்டுமா, முழுவதும் திறந்த நிலையிலா என்பது மாடலுக்கு மாடல் மாறுவதால், உங்கள் வண்டியின் ஒர்க்‌ஷாப் கையேட்டை மட்டுமே நம்புங்கள். பம்பின் குறைந்தபட்ச ஸ்ட்ரோக்கை (உள்ளிருக்கும் பிளஞ்சர் நகரும் மிகக் குறைந்த தூரத்தை) இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் அளந்து பார்ப்பதும் அப்போதுதான். பல யமஹா மாடல்களில் இது 0.20 முதல் 0.25 மி.மீ.; மாறியிருந்தால் ஷிம் என்னும் மெல்லிய வளையத் தகட்டை மாற்றிச் சரிசெய்யலாம்.

முதல் டாங்க் பெட்ரோலைக் கலவையாகவே ஓட்டி முடியுங்கள். ஆயில் டாங்கின் பக்கத்தில் ஒரு கோடிட்டு, அந்த ஓட்டத்தில் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். இரு குழாய்களிலும் ஆயில் ஓடி, மட்டமும் இறங்கியிருந்தால் வெறும் பெட்ரோலுக்கு மாறலாம். காற்று முழுவதும் நீங்கி, வால்வுகள் இரண்டும் சுத்தமாக இருந்தும் ஒரு பக்கத்துக்கு ஆயில் தெளிவாகக் குறைந்து வந்தால் மட்டுமே பம்பைக் குற்றம் சொல்லலாம்; அப்போதும் மாற்ற வேண்டியது பம்பைத்தான், முறையை அல்ல.