ராபின் டேயின் பாலிபுரொப்பிலீன் நாற்காலி ஏன் இவ்வளவு மெலிதாக இருந்தும் உடைவதில்லை?

பிரிட்டனில் ஹில்லி நிறுவனத்துக்காக ராபின் டே வடிவமைத்து 1963-ல் வெளிவந்த நாற்காலி இது. இருக்கையும் முதுகும் சேர்ந்த, பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஒரே ஓடு, அதன் அடியில் வளைத்த இரும்புக் குழாய்க் கால்கள். அவ்வளவுதான்.

பலத்தின் ரகசியம் விளிம்பில் இருக்கிறது. எவர்சில்வர் தட்டின் ஓரத்தைச் சுருட்டி விட்டிருப்பார்களே, அந்தச் சுருள் இல்லாவிட்டால் தட்டு கையில் நெளியும். இங்கும் ஓட்டின் ஓரம் முழுக்கக் கீழ்நோக்கி மடிந்திருக்கிறது. முதுகு சாயும்போது ஓடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பிறகு பழைய நிலைக்கே திரும்பும். உட்காருபவருக்குச் சுகமும் அதுவே.

ஏன் பாலிபுரொப்பிலீன்? லேசானது, மலிவானது, பலமுறை வளைத்தாலும் எளிதில் விரிசல் விடாது. டிபன் டப்பாவின் மடிப்பு மூடி பெரும்பாலும் இதே பொருள்தான். உருக்கி, பெரும் அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்துவார்கள். அச்சு செய்யத்தான் பெரும் செலவு. ஆனால் ஒரே அச்சு வாரத்துக்குச் சுமார் 4,000 ஓடுகளைத் தரும். பள்ளிகளும் அரங்குகளும் இதை வாங்க முடிந்ததற்கு அந்த வேகமே காரணம். கால்களைப் பூட்டும் குமிழ்களும் ஓட்டின் அடியிலேயே வார்க்கப்படுவதால், உட்காரும் பக்கத்தில் ஒரு திருகுகூடத் தெரியாது. இதுதான் மிக அழகான முடிவு என்பேன்.

பழையதை வாங்கினால் அந்தக் குமிழ்களை முதலில் பாருங்கள். அங்கே விரிசல் விட்டிருந்தால் சாதாரணப் பசை ஒட்டாது. இந்தப் பிளாஸ்டிக்கில் பசை பிடிப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்த ஓடும் நொறுங்கும்.

கல்யாண மண்டபத்தில் அடுக்கும் வெள்ளை நாற்காலியும் இதுவும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். அதில் காலும் சேர்த்து ஒரே வார்ப்பு, இதில் கால்கள் தனி இரும்பு.